நாக்கைப் பார்த்து ரத்தம் அளந்தவர்கள்

ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டர் எப்படிப் பார்ப்பார் என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கட்டைவிரலால் கீழ் இமையை இறக்கிப் பார்ப்பார். நாக்கை நீட்டச் சொல்வார். உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், நகத்தை அழுத்தி விடுவார். "ரத்தம் கம்மியா இருக்கும்மா, கீரை சாப்பிடுங்க" என்பார். மாத்திரைச் சீட்டு கைக்கு வந்துவிடும்.

இமை, நாக்கு, உள்ளங்கை, நகம் ஆகிய இந்த நான்கில் எது நம்பத்தக்கது? எல்லா மருத்துவப் பாடநூல்களும் நான்கையும் சொல்கின்றன. ஆனால் நான்கையும் பார்த்துக் குறித்து வைத்து, அதே நோயாளியின் ரத்தத்தை இயந்திரத்தில் அளந்து, எது எவ்வளவு தூரம் சரி என்று கணக்குப் போட்டவர்கள் குறைவு. மகாராஷ்டிரத்தின் வார்தாவுக்குப் பக்கத்தில், சேவாகிராமத்து மருத்துவக் கல்லூரியில் 2007 மே மாதம் அந்த வேலையைச் செய்தார்கள்.

முதலில் உடலின் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்துக்குச் சிவப்பு கொடுப்பது சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின். அது குறைந்தால் ரத்தம் வெளிறும். ஆனால் ரத்தத்தை நாம் நேரடியாகப் பார்ப்பதில்லை; தோலின் வழியாக, சவ்வின் வழியாகப் பார்க்கிறோம். உள்ளங்கைத் தோல் தடிமனானது, அதிலும் மண்வெட்டி பிடித்த கையென்றால் கேட்கவே வேண்டாம். நகத்தில் மருதாணி இருக்கலாம். குளிரில் விரல் நுனியின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, நல்ல ரத்தம் உள்ளவரின் நகமும் வெளுத்துக் காட்டும். இமையின் உட்புறம் மெல்லிய சவ்வு. ஆனால் புழுதியும் அடுப்புப் புகையும் பட்டால் சிவந்துவிடும், சோகையை மறைத்துவிடும். நாக்கின் மேல் இவை எதுவும் படுவதில்லை. அங்கே நுண்குழாய்கள் நிறைய, நிறமியும் பொதுவாகக் குறைவு.

சேவாகிராமத்தில் 390 நோயாளிகளைப் பார்த்தார்கள். பார்த்தவருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு தெரியாது. பரிசோதித்தவருக்கு டாக்டர் என்ன எழுதினார் என்பது தெரியாது. நூற்றுக்கு 64 பேருக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே. 8 பேருக்கு 7 கிராமுக்கும் கீழே. அது ஆபத்தான நிலை. நான்கு இடங்களில் நாக்குதான் முதலிடம் பிடித்தது. நாக்கு வெளுக்காத ஒருவருக்குக்கூட ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இல்லை. நாக்கு கடுமையாக வெளுத்திருப்பது, கடும் சோகை உள்ளவர்களிடம் மற்றவர்களைவிட 9.87 மடங்கு அதிகமாகத் தென்பட்டது.

இந்த 9.87 என்ற எண்ணைக் கையில் வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஓ.பி.யில் வரிசையில் நிற்கும் நூறு பேரில் எட்டுப் பேருக்குக் கடும் சோகை என்று வைத்துக்கொள்வோம். யாரையும் பார்க்காமல் ஒருவரைச் சுட்டினால், அவருக்குக் கடும் சோகை இருக்க நூற்றுக்கு எட்டு வாய்ப்பு. நாக்கு மிகவும் வெளுத்தவரைச் சுட்டினால் அந்த வாய்ப்பு 46 ஆக ஏறுகிறது. எட்டிலிருந்து நாற்பத்தாறு! காசு செலவில்லாமல், ஊசி குத்தாமல், அரை நிமிடத்தில். ஆனாலும் பாதிக்குப் பாதி தப்பாகவும் போகலாம் என்பதையும் அதே எண் சொல்கிறது. நாக்கு சிவப்பாக இருந்தால் கடும் சோகை இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். வெளுத்திருந்தால் ரத்தத்தை அளந்தே ஆக வேண்டும்.

ஆய்வின் இன்னொரு பகுதிதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 128 நோயாளிகளை இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்தார்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போனார்கள்? இதை அளக்கப் புள்ளியியலில் காப்பா என்று ஓர் எண் உண்டு. இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொரு காசைச் சுண்டிவிட்டாலும் பாதி நேரம் இருவருக்கும் ஒரே பக்கம்தான் விழும். அப்படித் தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு, மீதி உண்மையான ஒற்றுமை எவ்வளவு என்று காட்டுவது காப்பா. முழுக்க ஒத்துப்போனால் 1, காசு சுண்டியதற்குச் சமம் என்றால் 0. நாக்கைப் பார்த்ததில் காப்பா 0.20. இமையைப் பார்த்ததில் 0.07. தலைமுறை தலைமுறையாக இறக்கிப் பார்த்துவந்த அந்தக் கீழ் இமையில், ஒரு டாக்டர் கண்டதற்கும் அடுத்தவர் கண்டதற்கும் தற்செயலைத் தாண்டிய உறவு கிட்டத்தட்ட இல்லை. தங்கள் கண்ணின் லட்சணத்தைத் தாங்களே சோதித்து, 2010-இல் 'பிளாஸ் ஒன்' ஆய்விதழில் உலகம் முழுக்கப் படிக்கும்படி வெளியிட்டார்கள். ஒரு கல்லூரியின் சாதனை என்று கேட்டால் தங்கப் பதக்கத்துக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

இப்படிக் கேள்வி கேட்கும் பழக்கம் அங்கே எப்படி வந்தது? சேவாகிராமத்தின் பழைய பெயர் சேகாவ். 1936-இல் காந்தி அங்கே குடியேறினார். தபால் வேறொரு ஊருக்குப் போய்க்கொண்டிருந்ததால் 1940-இல் பெயரை மாற்றினார்கள். வார்தாவின் மகன்வாடியில் நம் ஜே.சி.குமரப்பா கிராமக் கைத்தொழில்களை வளர்த்துக்கொண்டிருந்தார். சேவாகிராமத்தில் ஆதாரக் கல்வியை நடத்தியவர் யாழ்ப்பாணத்து ஆரியநாயகம். காந்தியின் மருத்துவராக இருந்த சுசீலா நய்யார் தொடங்கிய சிறு சிகிச்சை நிலையம், கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. நேரு காலத்தில் மத்தியச் சுகாதார அமைச்சராக வந்த அதே சுசீலா, காந்தி நூற்றாண்டான 1969-இல் அங்கே மகாத்மா காந்தி மருத்துவ அறிவியல் கழகத்தைத் தொடங்கினார். இந்தியாவின் முதல் கிராமப்புற மருத்துவக் கல்லூரி அது. செலவில் பாதி மத்திய அரசு, கால்வாசி மாநில அரசு, மீதி கஸ்தூர்பா சுகாதாரச் சங்கத்தின் பொறுப்பு.

அங்கே சேரும் மாணவர் முதலில் உடற்கூறு வகுப்புக்குப் போவதில்லை. காந்தி ஆசிரமத்தில் பதினைந்து நாள் தங்க வேண்டும். கூட்ட வேண்டும், நூற்க வேண்டும், பிரார்த்தனைக்கு உட்கார வேண்டும். உடுத்துவது கதர். நீட் வருவதற்கு முன் இந்தக் கல்லூரி நடத்திய நுழைவுத்தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு காந்தியச் சிந்தனைக்கும் ஒரு தாள் இருந்தது. டாக்டராக வேண்டும் என்ற ஆசையில் 'சத்திய சோதனை'யை மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை பேரோ! இதெல்லாம் மாணவர் மனத்தை மாற்றுமா என்று கேட்டால், எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. கதர் கட்டியவரெல்லாம் காந்தியாகிவிட்டால் நாடு எப்போதோ திருந்தியிருக்கும்.

ஆனால் அடுத்துச் செய்வது வேறு வகை. ஒவ்வோர் ஆண்டு மாணவர் தொகுதிக்கும் ஒரு கிராமம் ஒப்படைக்கப்படும். முதலாண்டிலேயே அந்த ஊரில் முகாமிட்டுத் தங்குவார்கள். ஆளுக்குச் சில வீடுகள். அந்த வீட்டில் என்ன சமைக்கிறார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, குழந்தையின் எடை என்ன, பாட்டி ஏன் இருமுகிறாள் என்று எழுதி வைக்க வேண்டும். முகாம் முடிந்த பிறகும் அதே வீடுகளுக்கு மாதந்தோறும் போக வேண்டும். எக்ஸ்ரேயும் ஸ்கேனும் இல்லாத ஒரு திண்ணையில், ஒரு மாணவருக்குக் கையும் கண்ணும் காதும்தான் கருவிகள். அந்தக் கருவிகள் எவ்வளவு சரியாக வேலை செய்கின்றன என்ற கேள்வி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எழுவதற்கு அவசியமே இல்லை. சந்தேகம் வந்தால் ஸ்கேன் எடுத்துவிடலாம். கிராமத்தில் அது வாழ்வா சாவா என்கிற கேள்வி.

மருத்துவத் துறைப் பேராசிரியர் எஸ்.பி.கலந்திரியும் அவருடைய சக ஆசிரியர்களும் மாணவர்களும் இந்தக் கேள்வியை ஓர் உறுப்போடு விடவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதா என்று பார்க்க டாக்டர்கள் மார்பில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டுவார்கள். மார்பைத் தட்டிப் பார்க்கும் வழியை 1761-இல் எழுதி வைத்தவர் ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் அவன்புருக்கர். காற்றுள்ள நுரையீரலின் மேல் தட்டினால் கணீரென்று கேட்கும், நீர் கோத்த இடத்தில் மந்தமாகக் கேட்கும். இன்னொரு முறை, மார்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நோயாளியை "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு" என்று சொல்லச் சொல்வது. குரல்வளையில் பிறக்கும் அதிர்வு மூச்சுக்குழாய்கள் வழியாக மார்புச் சுவருக்கு வந்து உள்ளங்கையில் குறுகுறுக்கும். நடுவில் நீர் இருந்தால் அதிர்வு அங்கேயே அடங்கிவிடும், கைக்கு வந்து சேராது.

சேவாகிராமத்தில் மூச்சுக் கோளாறோடு வந்த 278 பேரிடம் இவற்றைச் செய்து, எக்ஸ்ரேயோடு ஒப்பிட்டார்கள். 2007-இல் முடிவு வெளிவந்தது. தட்டுவதும் தொட்டு அதிர்வறிவதும் நன்றாகவே தேறின. இருநூற்றைம்பது ஆண்டு பழைய விரல் இன்றும் வேலைக்கு ஆகும் என்று எண்களோடு நிரூபித்தார்கள்.

மூளைக்காய்ச்சலில் கதை நேர்மாறு. கழுத்தை வளைக்க முடியாமல் விறைப்பது, காலை நீட்டும்போது வலிப்பது, தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் தலைவலி கூடுவது ஆகியவை அதன் அடையாளங்கள் என்று எம்.பி.பி.எஸ். மாணவர்கள் உருப்போடுவார்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்துச் சோதித்த 190 நோயாளிகளிடம் இந்த அடையாளங்களை ஒப்பிட்டபோது, இவை இருந்தால் நோய் உண்டு என்றோ, இல்லாவிட்டால் இல்லை என்றோ துணிந்து சொல்ல முடியாது என்று தெரிந்தது. கழுத்து நன்றாக வளைகிறதே என்று நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடாதே, ஊசி போட்டு நீரை எடுத்துப் பார் என்பது இதன் பொருள்.

மாணவர்கள் ஆய்வு செய்தவர்களாக மட்டும் இருக்கவில்லை. ஆய்வுக்குத் தங்கள் கையையும் நீட்டினார்கள். காசநோய் கதை அது. நம்மில் பலருடைய இடது தோளில் பிசிஜி தழும்பு இருக்கிறது. 1948-இல் சென்னை கிண்டியில் ஆய்வகம் வைத்துத் தயாரிக்கத் தொடங்கிய தடுப்பூசி அது. காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்திருக்கிறதா என்று பார்க்க நூறாண்டுப் பழமையுள்ள ஒரு சோதனை உண்டு. கிருமியின் புரதக் கலவையை முன்கைத் தோலுக்குள் துளி அளவு ஏற்றுவார்கள். இரண்டு மூன்று நாளில் அந்த இடம் தடித்தால், தடிப்பை அளவுகோல் வைத்து மில்லிமீட்டரில் அளப்பார்கள். சிவந்திருப்பது கணக்கில்லை, விரலில் தட்டுப்படும் கெட்டிப்புதான் கணக்கு. சிக்கல் என்னவென்றால், பிசிஜி கிருமியும் காசநோய்க் கிருமியின் நெருங்கிய சொந்தம். இருவருக்கும் பொதுவான புரதங்கள் நிறைய. ஆகவே பிசிஜி போட்ட நாட்டில் இந்தச் சோதனை தப்பாகக் காட்டும் என்று மேலைநாட்டு நிபுணர்கள் ஒதுக்கி வந்தார்கள்.

பிறகு ரத்தப் பரிசோதனை ஒன்று வந்தது. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்து வீரியம் இழந்தபோது, பிசிஜி கிருமி தன் மரபணுத் தொகுதியில் ஒரு துண்டைத் தொலைத்துவிட்டது. தொலைந்த துண்டில் இருந்த இரண்டு புரதங்கள் காசநோய்க் கிருமியிடம் இன்னும் இருக்கின்றன. அந்தப் புரதங்களை ரத்தத்தில் கலந்து ஓர் இரவு விட்டால், காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்த வெள்ளணுக்கள் எதிரியை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். பிசிஜியை மட்டும் சந்தித்தவை சும்மா இருக்கும். பழைய பகைவனின் முகம் ஒரு குழாய் ரத்தத்துக்கு ஞாபகம் இருக்கிறது, அதை மறுநாள் காலையில் அளந்தும் விடலாம் என்றால் வியப்பாக இல்லையா?

இரண்டு சோதனைகளையும் சேவாகிராமத்தின் 726 மருத்துவப் பணியாளர்களிடம் செய்தார்கள். மருத்துவ மாணவர்களும் செவிலியர் மாணவர்களும் அதில் ஏராளம். நடு வயது 22-தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் பயின்று, அப்போது அமெரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்த மதுகர் பை, சேவாகிராமத்தின் ரஜ்னீஷ் ஜோஷி, கலந்திரி உள்ளிட்ட குழு 2005-இல் 'ஜாமா' இதழில் முடிவை வெளியிட்டது. தோல் சோதனையில் நூற்றுக்கு 41 பேருக்குத் தொற்று. ரத்தப் பரிசோதனையில் 40. இரண்டும் 81 விழுக்காடு ஒத்துப்போயின. பிசிஜி போட்டிருந்தது பெரிய குழப்பம் எதையும் உண்டாக்கவில்லை. ஆக, விலை உயர்ந்த புதுக் கருவி இல்லாத ஊரில் பழைய ஊசியை நம்பலாம்.

ஏதேனும் ஒரு சோதனையிலாவது தொற்று தெரிந்தவர்கள் சரிபாதி. தொற்று வேறு, நோய் வேறு. கிருமி உள்ளே புகுந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆயுள் முழுக்க நோயே வராது. ஆனாலும் இருபத்திரண்டு வயதில் பாதிப் பேர் என்பது லேசான எண்ணிக்கை இல்லை. வேலை செய்த ஆண்டுகள் கூடக் கூடத் தொற்றும் கூடியது. இருமும் நோயாளிக்குப் பக்கத்தில் நின்றுதான் டாக்டர் தொழிலைக் கற்க வேண்டும். கற்றுக்கொள்ளும் இடமே தொற்றும் இடம். காற்றோட்டமான வார்டும் முகக்கவசமும் ஏன் வேண்டும் என்பதற்கு இனி வேறு வாதம் தேவையில்லை. பதினெட்டு மாதம் கழித்து அதே ஆட்களில் 216 பேரைத் திரும்பப் பார்த்தபோது, ரத்தப் பரிசோதனையில் தொற்று என்று வந்த சிலருக்கு மருந்தில்லாமலே இல்லை என்று மாறியிருந்தது. ஒரு முறை தொற்றினால் என்றும் தொற்றுதான் என்ற எண்ணத்தை அது அசைத்துப் பார்த்தது.

ஆய்வகத்துக்கு வெளியேயும் இதே மூளை வேலை செய்தது. மருத்துவப் பேராசிரியர் உல்ஹாஸ் ஜாஜு, சுற்று வட்டாரக் கிராமங்களில் சோளத்தைச் சந்தாவாகப் பெற்று மருத்துவக் காப்பீடு நடத்தினார். விவசாயி கையில் காசு புரளாது. அறுவடை முடிந்தால் தானியம் இருக்கும். எனவே களத்துமேட்டுக் காலத்தில் வசூல். நிலமில்லாதவருக்குக் குறைந்த அளவு, நிலம் உள்ளவருக்கு ஏக்கருக்கு ஏற்ப அதிகம். ஊரில் முக்கால்வாசி வீடுகள் சேர்ந்தால்தான் அந்த ஊருக்குத் திட்டம் உண்டு. இந்த நிபந்தனைக்குள் ஒரு நுட்பம் இருக்கிறது. விருப்பப்பட்டவர் மட்டும் சேரலாம் என்றால் நோயாளிகள்தான் முந்திக்கொண்டு சேர்வார்கள், செலவு ஏறும், சந்தா ஏறும், நல்ல உடம்புக்காரர் விலகுவார், திட்டம் படுத்துவிடும். பெரிய காப்பீட்டு நிறுவனங்கள் கணித நிபுணர்களை வைத்துச் சமாளிக்கும் இந்தச் சிக்கலை, ஊரோடு சேர் என்ற ஒரே விதியால் இங்கே சமாளித்தார்கள். எதிர்பாராமல் வரும் நோய்க்கு இலவசச் சிகிச்சை. கண்புரை, குடலிறக்கம்போல முன்கூட்டித் தெரிந்து வருவதற்குக் கட்டணத்தில் ஒரு பகுதியை நோயாளி தர வேண்டும்.

யானைக்கால் நோயைப் பற்றி உயிர்வேதியியல் பேராசிரியர் பி.சி.ஹரிநாத் செய்த பணியையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். அந்த நோயின் நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் குழாய்களில் பதுங்கியிருந்து, கொசு கடிக்க வரும் இரவு நேரத்தில்தான் வெளி ரத்தத்துக்கு வரும். அதனால்தான் கணக்கெடுப்புக்காரர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டினார்கள். கும்பகோணம் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். புழுவைத் தேடாமல், புழு கசியவிடும் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் செய்யும் எதிர்ப்பொருளையும் தேடும் சோதனைகளை ஹரிநாத் குழு பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது. விரல் நுனியில் குத்திய ஒரு சொட்டு ரத்தம் போதும்.

2022-இல் தேசிய மருத்துவ ஆணையம், எல்லா மருத்துவக் கல்லூரி மாணவர்களும் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துக் கவனிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் சேர்த்துவிட்டது. சேவாகிராமம் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது இப்போது நாட்டுக்கே விதி. விதியானதும் அது பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. அப்படி ஆகாமல் தடுக்கக்கூடியவர், பார்த்ததை எண்ணு, எண்ணியதைச் சந்தேகி என்று மாணவருக்குச் சொல்லும் ஆசிரியர் ஒருவர்தான்.

உங்கள் வீட்டில் எம்.பி.பி.எஸ். படிக்கும் பிள்ளை இருந்தால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979-இல் தொடங்கிய குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டத்தைப் பற்றி விசாரிக்கச் சொல்லுங்கள். ஒரு வழிகாட்டி ஆசிரியர், இரண்டு மாத உழைப்பு, பதில் தெரியாத ஒரு கேள்வி இருந்தால் விண்ணப்பிக்கலாம். கேள்விக்கு வெகுதூரம் போக வேண்டாம். அவர்கள் கல்லூரி ஓ.பி.யிலேயே காலை எட்டு மணிக்கு வரிசை தொடங்கிவிடுகிறது.